எழுத எழுதத் தேயும் ஏடு



நெஞ்சில் வைத்தது மறந்துபோம். ஏட்டில் வைத்தது நிலைத்து நிற்கும் என்பது நம்மவர் நெடுங்காலமாகக் கொண்டுள்ள எண்ணம். ஆதலினாலேயே கணக்கை எழுது, கடனை எழுது, காணியின் உறுதியை எழுது என்று பெரியோர் வற்புறுத்தி வந்தனர். எழுதுவதால் ஏட்டுக்கு யாதேனும் தீங்கு நேருமோ என்று எவரும் கேட்டதில்லை. கேட்கவேண்டிய தேவையும் அன்று இருக்கவில்லை. ஆயின் இன்று நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் வாகனங்களிலும் ஒருவகை ஏடு மறைந்து கிடக்கின்றது. அதனை எத்தனை முறை படித்தாலும் பெரும் பாதகம் இல்லை. எழுதும்போதோ ஒவ்வொரு முறையும் அது சிறிது தேய்கின்றது. இத்தனை முறைதான் எழுதலாம் என்று அதன் ஆயுளைச் செய்தோரே வரையறுத்துத் தருகின்றனர். அந்த ஏட்டின் பெயர் பிளாஷ் நினைவகம். பளிச்சீட்டு நினைவகம் என்று தமிழில் கூறுவர். அதன்மீது எழுதுவதை எவ்வாறு குறைப்பது, ஏன் குறைக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கணினி என்றவுடன் திரையும் விசைப்பலகையும் கொண்ட இயந்திரமே நம் கண்முன் வருகின்றது. உலகில் உள்ள கணினிகளுட் பெரும்பாலானவை அத்தோற்றம் உடையன அல்ல. சலவை இயந்திரத்தினுள்ளே ஒரு கணினி உண்டு. இலக்கமுறை மின்மானியினுள்ளே ஒன்று உண்டு. குருதியமுக்கம் அளக்கும் கருவியிலும், இணையத் தொடர்பை வீட்டுக்குப் பகிர்ந்தளிக்கும் ரூற்றரிலும், மோட்டார் வாகனத்திலும் அவை உண்டு. ஒரு பொருளினுள்ளே புதைந்து கிடந்து, அப்பொருளின் ஒரு தொழிலை மட்டும் ஆற்றும் இவற்றை உட்பொதிந்த முறைமைகள் என்பர். மின்சாரம் நின்றாலும் மறவாதிருக்க வேண்டிய செய்திகள் இவற்றுக்கும் உள்ளன. மின்மானி தான் கணித்த அலகுகளை மறக்கலாகாது. ரூற்றர் தன் கடவுச்சொல்லை மறக்கலாகாது. அத்தகைய செய்திகளை இக்கருவிகள் பிளாஷ் நினைவகத்திலோ அதன் நெருங்கிய உறவான ஈப்ரோம் நினைவகத்திலோ எழுதி வைக்கின்றன.

இவ்வகை நினைவகத்தின் வரலாறு சுவையானது. 1967 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டாவன் காங், சைமன் சே என்னும் இருவர், நாற்புறமும் காவலியால் சூழப்பட்ட சிறு தீவு போன்ற ஒரு பகுதியில் மின்னேற்றத்தைச் சிறைப்படுத்தி வைக்கலாம் என்று காட்டினர். அக்கருத்தின் வழியில் 1971 இல் இன்டெல் நிறுவனத்தின் டோவ் புரோமன் அழித்தெழுதக்கூடிய நினைவகத்தை ஆக்கினார். அதனை அழிப்பதற்குப் புறஊதாக் கதிரின் கீழே பல நிமிடங்கள் வைத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் ஜப்பானிய தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா, பெரும் பகுதிகளை மின்சாரத்தாலேயே ஒரே கணத்தில் அழிக்கும் வழியைக் கண்டு 1984 இல் உலகுக்கு அறிவித்தார். புகைப்படக் கருவியின் பளிச்சொளி போல ஒரு கணத்தில் எல்லாம் அழிந்துபோவதால், அவருடன் பணியாற்றிய ஒருவர் அதற்கு பிளாஷ் என்று பெயர் சூட்டினார். பெயரிலேயே அழித்தல் அமைந்திருப்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். ஏனெனில் இந்நினைவகத்தின் நோய் முழுவதும் அந்த அழித்தலிலேதான் தங்கியிருக்கின்றது.

அது எவ்வாறு என்பதைச் சிறிது விளக்குவேன். சிலிக்கன் தகட்டிலே கோடிக்கணக்கான நுண்ணிய கலங்கள் அமைந்துள்ளன. ஒவ்வொரு கலத்திலும் முன்னர்க் கூறிய சிறு தீவு ஒன்று உண்டு. அத்தீவிலே இலத்திரன்கள் அடைபட்டிருந்தால் ஒரு பொருள். இல்லையேல் மற்றொரு பொருள். தீவைச் சூழ்ந்த காவலிப் படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு. உயர்ந்த மின்னழுத்தத்தைப் பிரயோகித்து, அப்படலத்தை ஊடுருவும்படி இலத்திரன்களை உள்ளே செலுத்துதலே எழுதுதல். வெளியே இழுத்தலே அழித்தல். சுவரைத் துளைத்துப் போவோர் போகுந்தோறும் சுவர் பழுதுறுவது போல, இலத்திரன்கள் போக்குவரவு செய்யுந்தோறும் படலம் சீர்கெடுகின்றது. சில இலத்திரன்கள் படலத்தினுள்ளேயே சிக்கிக் கொள்கின்றன. ஈற்றில் அந்தத் தீவினால் எதனையும் திடமாகப் பிடித்து வைத்திருக்க இயலாது போகின்றது. எழுதியது ஒன்று, படிப்பது வேறொன்று என்ற நிலை உண்டாகின்றது.

எத்தனை முறைக்குப் பின் இவ்வாறு நேரும்? ஒரு கலத்தில் ஒரேயொரு துணுக்குச் செய்தியை மட்டும் வைக்கும் பழைய, விலைகூடிய வகை, இலட்சம் முறை வரை தாங்கக் கூடியது. சிக்கனங் கருதி ஒரே கலத்தில் இரண்டு துணுக்குகளை வைக்கும் வகை, சில ஆயிரம் முறையே தாங்கும். மூன்று துணுக்குகளை வைக்கும் வகையின் ஆயுள் அதனிலும் குறைவு. கொள்ளளவு பெருகப் பெருக, விலை மலியமலிய, பொறுமை சுருங்கி வந்திருக்கின்றது.

இன்னுமொரு சிக்கல் உண்டு. மாணவனுடைய அப்பியாசக் கொப்பியை எண்ணிப் பாருங்கள். பென்சிலால் எழுதிய ஒரு சொல் பிழையாயின் அழிறப்பரால் அச்சொல்லை மட்டும் அழித்துத் திருத்தலாம். பிளாஷ் நினைவகத்திலே அச்சலுகை இல்லை. அங்கே எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த ஒரு கட்டு முழுவதையும். ஒரு வகைச் சில்லில் 2 கிலோபைற்று கொண்ட பக்கங்கள் 64 சேர்ந்து 128 கிலோபைற்றுக் கட்டாக அமைந்திருக்கும். எழுதப்பட்ட ஓர் எழுத்தை அதே இடத்தில் மாற்றுவதாயின், கட்டிலுள்ள ஏனைய செய்திகளை வேறிடத்தில் பெயர்த்தெழுதி, கட்டு முழுவதையும் அழித்தாக வேண்டும். ஆகவே நாம் எழுத நினைத்தது ஓரெழுத்தாயினும், நினைவகத்தின்மேல் விழும் சுமை அதனிலும் பன்மடங்காகிவிடுகின்றது.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். விஞ்ஞானக் கண்காட்சிகளுக்கு மாணவர் விரும்பிப் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ என்னும் பலகையின் மூளையாக உள்ள சில்லில், 1024 பைற்று ஈப்ரோம் நினைவகம் உண்டு. அதன் ஒவ்வோர் இடமும் 1,00,000 முறை எழுதுதலைத் தாங்கும் என்று செய்தோர் கூறுகின்றனர். இலட்சம் என்பது நமக்குப் பெருந்தொகையாகவே தோன்றும். ஒரு மாணவன் அறையின் வெப்பநிலையைச் செக்கனுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் எழுதும்படி செய்துவிட்டான் என்று கொள்வோம். அந்த இலட்சம் முறை எப்பொழுது முடியும்? 27 மணித்தியாலம் 46 நிமிடத்தில்! இன்று காலை தொடங்கினால் நாளை நண்பகலுக்குள் வாக்களித்த ஆயுள் தீர்ந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால் 69 நாள். மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுதினால் 11 ஆண்டுகளுக்கு மேல். செய்தோர் கூறும் எல்லையைக் கடந்தும் சில கலங்கள் உழைக்கலாம். ஆனால் அதனை நம்பி எவரும் பொறுப்பான கருவியொன்றைச் செய்யலாகாது. சில்லு ஒன்றே, பலகை ஒன்றே. ஒருநாளில் சாவதும் பத்தாண்டு வாழ்வதும் அதற்குக் கட்டளை எழுதிய மனிதனின் சிந்தனையிலேயே தங்கியிருக்கின்றன.

இஃது ஏதோ மாணவர்களின் விளையாட்டுப் பலகைக்கு மட்டும் உரிய கதையன்று. உலகப் புகழ்பெற்ற டெஸ்லா நிறுவனத்தின் மின்சார மோட்டார் வாகனங்களிலும் இதே கதை நிகழ்ந்தது. 2018 ஆம் ஆண்டின் முற்பகுதி வரை செய்யப்பட்ட எஸ், எக்ஸ் என்னும் இருவகை வாகனங்களின் நடுத்திரையை இயக்கிய கணினியில், 8 கிகாபைற்றுப் பிளாஷ் நினைவகம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அது 3,000 முறை அழித்தெழுதக்கூடியது. வாகனம் ஓடும்போதெல்லாம் கணினி தன் இயக்கக் குறிப்புகளை அதில் இடையறாது எழுதி வந்தது என்பதனைப் பழுதுபார்ப்போர் பலர் எடுத்துக் காட்டினர். ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளில் நினைவகம் தேய்ந்தது, திரை இருண்டது. திரை இருண்டால் பாட்டுக் கேட்க முடியாது என்பதோடு அமைதி கொள்ளலாம். ஆனால் வாகனத்தைப் பின்னோக்கிச் செலுத்தும்போது பின்புறத்தைக் காட்டும் கமெரா, கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தை நீக்கும் ஒழுங்கு ஆகியனவும் அத்திரையையே நம்பியிருந்தன. 2021 சனவரியில் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம், இவ்வாகனங்களை மீள அழைக்கும்படி நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பிற்று. அடுத்த மாதமே 1,34,951 வாகனங்கள் மீள அழைக்கப்பட்டன. 8 கிகாபைற்றுச் சில்லுக்குப் பதிலாக 64 கிகாபைற்றுச் சில்லுப் பொருத்தப்பட்டது. எவருக்கும் அன்றாடம் தேவைப்படாத நாட்குறிப்பொன்று, சாலைப் பாதுகாப்புக்கே இடராகி முடிந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, எழுதுவதைக் குறைக்கும் வழிகள் யாவை? அவற்றுட் பல, நம் அன்றாட வாழ்வில் சிக்கனமுள்ளோர் கையாளும் வழிகளேயாம்.

முதலாவது, மாறாததை மறுபடி எழுதாமை. படிப்பதால் வரும் தேய்வு மிகச் சிறிது. ஆகவே எழுதுமுன் அவ்விடத்தில் ஏற்கெனவே என்ன இருக்கின்றது என்று படித்துப் பார்த்து, எழுத வேண்டியதும் அதுவேயாயின் வாளா விட்டுவிட வேண்டும். முன்னர்க் கூறிய ஆர்டுயினோ பலகைக்கென ஆக்கப்பட்ட நிரல் தொகுதியில், இவ்வாறு ஒப்பிட்டுப் பார்த்து வேறுபாடிருந்தால் மட்டும் எழுதும் ஒரு கட்டளை ஆயத்தமாகவே இருக்கின்றது. வெப்பநிலை போன்றவற்றுக்கு இதனை மேலும் விரித்து, அரைப் பாகையேனும் மாறினாலன்றி எழுதுவதில்லை என்று விதி வகுக்கலாம்.

இரண்டாவது, சேர்த்து எழுதுதல். தபாற்காரர் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒருமுறை நடந்து வருவதில்லை. பையை நிரப்பிக்கொண்டே புறப்படுகின்றார். அதுபோல அளவீடுகளைத் தற்காலிக நினைவகத்திற் சேர்த்துவைத்து, ஒரு பக்கம் நிரம்பியதும் ஒரேமுறை எழுதலாம். ஓர் அளவீட்டுக்கு 16 பைற்று வீதம் கொண்டால், 2 கிலோபைற்றுப் பக்கம் ஒன்றில் 128 அளவீடுகள் அடங்கும். ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒவ்வொரு பக்கத்தைச் செலவிட்டு 128 முறை எழுதியிருக்க வேண்டியதை ஒரேமுறையில் முடித்துவிடலாம். தற்காலிக நினைவகம் எழுதுவதால் தேய்வதில்லை. மின்சாரம் நின்றால் மறந்துவிடும் என்பதே அதன் குறை.

மூன்றாவது, சுமையைப் பகிர்தல். ஒரே வயலில் ஆண்டுதோறும் ஒரே பயிரை இட்டால் மண் சலித்துப்போகும் என்பது கமக்காரர் அறிந்த உண்மை. ஒரே இடத்தில் எழுதாது இடத்தை மாற்றி மாற்றி எழுதுவதும் அவ்வாறான ஏற்பாடே. 1024 பைற்று இடத்தை 16 பைற்று வீதம் பிரித்தால் 64 அறைகள் கிடைக்கும். முதல் அறையில் தொடங்கி வரிசையாக எழுதி, அறுபத்துநான்காவதன் பின் மீண்டும் முதலாவதற்கு வரலாம். அப்பொழுது எழுதக்கூடிய மொத்தத் தொகை 64 இலட்சமாகின்றது. நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினாலும், 69 நாளாக இருந்த ஆயுள் 12 ஆண்டைத் தாண்டுகின்றது! இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இறுதியாக எழுதிய அறை எதுவென்று குறிப்பதற்குத் தனியாக ஓரிடத்தை ஒதுக்கினால், ஒவ்வொரு முறையும் மாற்றப்படும் அந்தக் குறிப்பிடமே முதலில் தேய்ந்து அழியும். ஆகவே ஒவ்வொரு பதிவுடனும் அதன் தொடரிலக்கத்தையும் சேர்த்தே எழுதிவிட வேண்டும். கருவி விழித்தெழும்போது எல்லா அறைகளையும் படித்து, பெரிய இலக்கம் எங்குள்ளது என்று அறிந்துகொள்ளும்.

நான்காவது, தேவையற்ற குறிப்பை ஒழித்தல். பாடசாலையிலே சம்பவத் திரட்டுப் புத்தகம் ஒன்று பேணப்படுவதுண்டு. குறிப்பிடத்தக்க நிகழ்ச்சிகளை அதிபர் அதிலே பதிவார். மணியடித்தது, மாணவர் இருந்தனர், எழுந்தனர் என்றெல்லாம் அதில் எழுதத் தொடங்கினால் புத்தகம் ஒரு கிழமையில் நிரம்பும். அதிலிருந்து எதனையும் தேடி எடுக்கவும் முடியாது. கருவிகளை ஆக்குவோர், பிழை தேடும் காலத்தில் எல்லாவற்றையும் எழுதும்படி செய்து வைப்பர். வேலை முடிந்து கருவி கடைக்குப் போகும்போது அவ்வேற்பாட்டை நீக்க மறந்துவிடின், அது மக்கள் வீட்டிலும் ஓயாது எழுதிக்கொண்டே இருக்கும்.

எழுதுகின்றோம் என்று அறியாமலே எழுதப்படுவதும் உண்டு. யூனிக்ஸ் மரபில் வந்த இயக்க முறைமைகளில், ஒரு கோப்பு இறுதியாக எப்பொழுது படிக்கப்பட்டது என்பதையும் குறித்து வைக்கும் வழக்கம் இருந்தது. நூலகத்தில் ஒருவர் நூலைப் புரட்டிப் பார்த்த உடனேயே நூலகர் பேரேட்டைத் திறந்து நேரத்தைப் பதிவது போன்றது அது. வெறும் படித்தலும் அங்கே எழுதுதலாகிவிடுகின்றது! இதன் வீண்செலவை உணர்ந்து, 2009 இல் வெளியான லினக்ஸ் 2.6.30 பதிப்பிலிருந்து, படித்த நேரத்தை ஒவ்வொரு முறையும் பதியாது, தேவைப்படும்போது மட்டும் பதிவதே இயல்பான வழக்கமாக்கப்பட்டது. உட்பொதிந்த கருவிகளிலோ அதனை முற்றாக நிறுத்திவிடுவாரும் உளர்.

இவ்வளவும் கேட்ட நேயர் ஒருவர், அப்படியாயின் எழுதாமலே இருந்துவிட்டால் என்ன என்று வினவக்கூடும். அங்கேதான் மறுபுறத்து ஆபத்து நிற்கின்றது. 2022 ஆம் ஆண்டின் முற்பகுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்த நாட்களை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. நிமிடத்துக்கு ஒன்றாக 128 அளவீடுகள் சேரும்வரை காத்திருக்கும் கருவியில், நூற்றிருபத்தேழாவது நிமிடத்தில் மின்சாரம் நின்றால் இரண்டு மணித்தியாலச் செய்தி அடியோடு அழியும். அறையின் வெப்பநிலையாயின் அழியட்டும் என்று விடலாம். நோயாளிக்கு ஏற்றிய மருந்தின் அளவாயின் விட முடியுமா? எழுதிக்கொண்டிருக்கும் நடுவிலே மின்சாரம் நின்றால், பழைய செய்தியும் போய்ப் புதிய செய்தியும் நிறைவுறாத அவலமும் நேரலாம்.

இதற்கும் வழிகள் உண்டு. சிறிதளவு மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் கொள்ளளவி ஒன்றைக் கருவியிற் பொருத்தி, மின்னழுத்தம் தாழத் தொடங்கியதும் எச்சரிக்கை பெறும்படி அமைத்தால், கருவி தன் கைவசமுள்ளதை எழுதி முடிக்க அவகாசம் கிடைக்கும். பழைய பதிவை அழிக்காமல் வைத்துக்கொண்டு, புதியதை வேறிடத்தில் எழுதி, அது செம்மையாக எழுதப்பட்டதா என்று சரிபார்ப்புத் தொகையால் உறுதிசெய்த பின்னரே பழையதைக் கைவிடலாம். கொள்ளளவு சிறிதாயினும் பல இலட்சங்கோடி முறை எழுதக்கூடிய எப்ராம் என்னும் வேறுவகை நினைவகத்தை, விலை சற்றுக் கூடினும், அடிக்கடி மாறும் முக்கிய எண்களுக்கென்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே எழுதுவதைக் குறைத்தல் என்பது எதனை இழக்கலாம், எதனை ஒருபோதும் இழக்கலாகாது என்று முன்கூட்டியே நிதானித்து வகுக்கும் ஒழுங்கேயாகும்.

இவ்வொழுங்கின் பெருமையை விளக்கச் செவ்வாய்க் கோளிலிருந்து ஒரு சான்று தருவேன். 2004 சனவரியில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஒப்பொர்ச்சுனிற்றி என்னும் ஊர்தி அங்கே இறங்கிற்று. செவ்வாயின் 90 நாட்கள் உழைப்பதே அதற்கு விதிக்கப்பட்ட கடமை. அதுவோ பத்தாண்டைக் கடந்தும் உழைத்தது. ஆனால் இரவில் உறங்குமுன் அன்றைய செய்திகளை அது எழுதி வைத்த பிளாஷ் நினைவகம் அத்தனை காலத்துப் பயன்பாட்டில் தளர்ந்தது. 2014 இல் ஊர்தி அடிக்கடி தடுமாறித் தன்னை மீள இயக்கத் தொடங்கிற்று. பொறியியலாளர் நினைவகத்தை அழித்துப் புதிதாக ஒழுங்கமைத்தனர். அதன் ஏழு பகுதிகளுட் பழுதான ஒன்றை விலக்கியும் பார்த்தனர். கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பால் சில்லை மாற்றுவதற்கு எவரும் போக இயலாதல்லவா? ஈற்றில் நிலையான நினைவகத்தை நம்பாமலே பணியைத் தொடர வகைசெய்தனர். அன்றன்று சேர்த்ததைத் தற்காலிக நினைவகத்தில் வைத்திருந்து, ஊர்தி உறங்கப் போவதற்கு முன்னரே, செவ்வாயைச் சுற்றிவரும் விண்கலங்களுக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பாதது மறுநாள் இராது. இவ்வாறு 2018 சூனில் புழுதிப்புயல் சூழ்ந்து தொடர்பு அறும்வரை அது தன் தொழிலை ஆற்றிற்று.

செவ்வாய்க்குச் சென்றது போலவே, நம் வீட்டுச் சுவரில் உள்ள கருவியின் உள்ளேயும் நாம் நுழைந்து பார்க்க முடிவதில்லை. ஒரு கருவி நான்கு ஆண்டில் செயலற்றுப் போனால், காலங் கெட்டுவிட்டது, பொருள்கள் முன்போல் இல்லை என்று சலித்துக்கொண்டு புதியதை வாங்குகின்றோம். அதன் மோட்டாரும் கம்பியும் பெட்டியும் நல்ல நிலையில் இருக்க, நகத்தளவான ஒரு சில்லு தேய்ந்தமையால் முழுவதும் குப்பைக்குப் போயிருக்கவும் கூடும். அந்தச் செலவைச் சுமப்பவர், கட்டளை எழுதிய பொறியியலாளர் அல்லர். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அக்கருவியை வாங்கிய குடும்பத்தவரேயாவர்.

ஆகவே, கணினி நிரல் எழுதக் கற்கும் இளைஞர்களுக்குக் கூற விரும்புவது ஒன்றே. நினைவகத்தில் எழுதும் கட்டளையொன்றைத் தட்டச்சுச் செய்யுமுன் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். இக்கட்டளை நாளொன்றுக்கு எத்தனை முறை நடைபெறும், இச்சில்லு எத்தனை முறை தாங்கும் என்று இரண்டையும் எழுதி, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் விடையே உங்கள் கருவியின் ஆயுள். அதற்கு உயர்ந்த கணிதம் வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்பிற் கற்ற வகுத்தலே போதும். விடை சிறிதாயின், இது மாறியதா, இப்பொழுதே வேண்டுமா, இங்கேயே வேண்டுமா, உண்மையாகவே வேண்டுமா என்னும் நான்கு வினாக்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அந்த வினாக்களுக்கு மேசையில் இருந்தபடியே விடை கண்டுவிட்டால், எங்கோ ஒரு வீட்டில் ஒரு கருவி பல ஆண்டு கூடுதலாக உழைக்கும்.